சிறு விமானத்தின் சிக்கனம்

ஹற்றன் நகரிலிருந்து மலைகளைச் சுற்றி இறங்கும் பாதை தேயிலைத் தோட்டங்களினூடே சென்று நோட்டன் பிரிட்ஜை அடைகின்றது. கெகெல்கமு ஓயாவை மறித்து எழுந்த நோட்டன் அணைக்கட்டும், 1965ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய விமலசுரேந்திர மின்நிலையமும் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தவை. இவற்றைக் காண வருவோர் இங்கே வேறொரு பொருளையும் காண்பதுண்டு. பெரிய ஆகாய விமானமொன்றின் சக்கரம் அது. விமானம் இறங்கத் தக்க நிலம் ஒரு முழமேனும் இல்லாத இம்மலையூரிலே அச்சக்கரம் நினைவுச் சின்னமாக நிற்கின்றது.

1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி இரவு, பத்து மணி கடந்த வேளையில், இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து ஜித்தா நோக்கிச் சென்ற டி.சி. 8 விமானமொன்று இவ்வட்டாரத்தில் உள்ள ஏழு கன்னியர் மலையில் மோதியது. அதிற் பயணம் செய்தோர் 182 ஹஜ் யாத்திரிகர். பணியாளர் 9 பேர். 191 உயிர்களுள் ஒன்றேனும் எஞ்சவில்லை. கட்டுநாயக்கா விமான நிலையமோ அவ்விடத்திலிருந்து ஏறக்குறைய 40 கடல்மைல் அப்பால் இருந்தது. தாம் நிலையத்தை நெருங்கிவிட்டதாக எண்ணி விமானிகள் முற்கூட்டியே கீழே இறங்கினர் என்றும், விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் காலநிலை ரேடாரையும் நம்பித் தமது இருப்பிடத்தைப் பிழையாகக் கணித்தமையே அதற்குக் காரணம் என்றும் விசாரணை முடிவு கூறியது.

அந்த யாத்திரிகருள் எவருக்கும் கொழும்பில் அலுவல் இருந்ததில்லை. அவர்கள் போக வேண்டிய இடம் ஜித்தா. கொழும்பு அவர்களுக்கு எரிபொருள் நிரப்பும் இடைத் தங்குமிடம் மட்டுமே. எரிபொருள் தீர்ந்து அவ்விமானம் வீழ்ந்ததில்லை. இருப்பிடம் பற்றிய தவறான எண்ணமே அதை வீழ்த்தியது. எனினும் எரிபொருளுக்காக அயலூர் ஒன்றில் இறங்குவது கடைக்குச் சென்று எண்ணெய் வாங்கி வருவது போன்ற எளிய காரியம் அன்று என்பதை அச்சக்கரம் நினைவூட்டுகின்றது. ஒவ்வோர் இறக்கமும் தனியானதொரு பொறுப்பு, தனியானதொரு செலவு.

பெரிய விமானக் கம்பனிகளுக்கு இப்பொறுப்பைச் சுமக்கப் பல கைகள் உண்டு. எங்கே இறங்குவது, எவரிடம் எரிபொருள் கொள்வது, என்ன விலை கொடுப்பது என்பவற்றைத் தீர்மானிக்கத் தனி அலுவலகங்களே இயங்குகின்றன. இரண்டு அல்லது நான்கு ஆசனங்கள் கொண்ட சிறு விமானத்தைத் தானே ஓட்டிச் செல்லும் தனியார் விமானிக்கோ அத்தகைய துணை இல்லை. அவனே விமானி, அவனே கணக்கன், அவனே கொள்வனவாளன். எங்கே நல்ல சேவையும் மலிவான எரிபொருளும் கிடைக்கும் என்று தேடுவதும் அவன் தலைமேல் விழுந்த வேலையே.

இது செல்வந்தரின் கவலையன்றோ, தேயிலை பறிப்போருக்கும் கந்தோரில் வேலை செய்வோருக்கும் இதனால் ஆவது என்ன என்று கேட்போர் எண்ணக்கூடும். உண்மை அவ்வாறன்று. பெரிய விமானங்களை ஓட்டும் விமானிகளுள் மிகப் பலர் சிறு விமானத்திலேயே அரிச்சுவடி கற்றவர்கள். தனியார் விமானிக்கான அனுமதிப்பத்திரம் பெறக் குறைந்தது 40 மணி நேரமும், தொழில்முறை விமானிக்கான பத்திரம் பெற வழமையாக 200 மணி நேரமும் பறந்திருத்தல் வேண்டும் என்பது சர்வதேச விதி. பயிற்சிக்குப் பெயர்பெற்ற செஸ்னா 152 என்னும் இரண்டு ஆசன விமானம் மணிக்கு ஏறக்குறைய 23 லீற்றர் எரிபொருளைக் குடிக்கின்றது. 200 மணி நேரமும் அதிலேயே பறந்தால் 4,600 லீற்றர் வேண்டும். எரிபொருளின் விலை பத்தில் ஒரு பங்கு குறையுமாயின் மிச்சமாகும் பணம் இன்னும் 20 மணி நேரப் பறப்புக்கான எரிபொருளை வாங்கப் போதும். மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்த பிள்ளை ஒருவன் விமானி ஆவதும், அந்த ஆசையை மனத்திலேயே புதைத்துவிடுவதும் இந்த விலையை ஒட்டியே நிற்கின்றன. ஆதலின் இது செல்வரின் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சு மட்டுமன்று.

எரிபொருள் தேடும் இந்தக் கவலை விமானத்தோடு உடன்பிறந்தது. 1932ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி ஜே.ஆர்.டி. டாட்டா சிறியதொரு புஸ் மொத் விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாற் பைகளைச் சுமந்து சென்றார். இந்திய விமானப் போக்குவரத்தின் தொடக்கமாகப் போற்றப்படும் பயணம் அது. வழியில் அகமதாபாத்தில் இறங்கியபோது அவருடைய விமானத்துக்குப் பெற்றோல் வந்து சேர்ந்தது மாட்டுவண்டியில். ஆகாயத்தில் செல்லும் வாகனம் மண்ணில் ஊரும் வண்டிக்குக் காத்திருந்த காட்சி அக்காலத்தின் நிலையை நன்கு காட்டுகின்றது.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் பரிசு அறிவித்திருந்தார். 1930இல் டாட்டா கராச்சியிலிருந்து புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினியர் என்ற இளைஞர் இங்கிலாந்திலிருந்து எதிர்த்திசையில் வந்தார். எகிப்து நாட்டின் அபூக்கிர் விமானத் தளத்தில் இருவரும் சந்தித்தனர். ஆஸ்பி அங்கே இயந்திரத்துக்கு வேண்டிய தீப்பொறிச் செருகிகள் இன்றித் தவித்துக் கொண்டிருந்தார். போட்டியாளர் என்று பாராமல் டாட்டா தம்மிடம் மேலதிகமாக இருந்தவற்றைக் கொடுத்துதவினார். பரிசு ஆஸ்பிக்கே கிடைத்தது. அந்நாளில் விமான நிலையச் சேவை என்பது பெரும்பாலும் சக விமானியின் நல்ல உள்ளத்தையே நம்பியிருந்தது.

இலங்கையின் கதையும் சிறு விமானத்திலேயே தொடங்குகின்றது. 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் திகதி இரத்மலானை நிலையத்தில் முதன்முதலாக வந்திறங்கியது ஒரு புஸ் மொத் விமானமே. சென்னைப் பறத்தற் கழகத்தின் தலைமைப் பயிற்றாசிரியரான டின்டேல் பிஸ்கோ அதனை ஓட்டி வந்தார். 1947 டிசம்பரில் எயார் சிலோனின் ‘சீதாதேவி’ என்னும் டகோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. பாக்கு நீரிணையின் இரு கரைகளையும் இணைத்த இவ்வான்வழியில் தொடக்கம் முதலே ஒரு கரையின் விமானி மறுகரையின் சேவையை நம்பியிருந்தான்.

இனி, விமானி தேடும் எரிபொருள் எத்தகையது என்று காண்போம். விமானங்களுக்குப் பொதுவாக இரண்டு வகை எரிபொருள்கள் உண்டு. ஜெட் விமானங்களும் சுழலி இயந்திரம் பூண்ட விமானங்களும் பயன்படுத்துவது மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த ஜெட் ஏ-1. மோட்டார்க் காரைப் போல ஆடுதண்டு இயந்திரம் பூண்ட பெரும்பாலான சிறு விமானங்களுக்கு வேண்டியது விமானப் பெற்றோல். ‘அவ்காஸ்’ என்பது விமானிகள் வழங்கும் பெயர். இன்று மிகுதியாக விற்பனையாகும் 100 எல்.எல். என்னும் வகை நீலச் சாயம் கலந்தது. ஜெட் எரிபொருளோ நிறமற்றது, அல்லது வைக்கோல் நிறம் கொண்டது.

இவற்றுள் ஜெட் எரிபொருள் பெரிய நிலையங்களில் குழாய்வழி வந்து மலையாகக் குவிகின்றது. விமானப் பெற்றோல் அருமையும் விலையும் உடையது. காரணம் பல. வாங்குவோர் சிலர், ஆகவே விற்பனை சிறிது. இயந்திரம் தட்டாமல் ஓடும்பொருட்டு அதில் ஈயச் சேர்மம் கலக்கப்படுகின்றது. ஈயம் கலந்த எண்ணெய்க்குத் தனித் தாங்கியும் தனிக் குழாயும் வேண்டும். சிறு நிலையங்களுக்கு அது பீப்பாய்களில் அடைபட்டுக் கப்பலேறி வருகின்றது. இந்தியாவே பல்லாண்டுகள் இதனை வெளிநாடுகளிலிருந்து தருவித்தது. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரிலேயே இந்தியன் ஓயில் நிறுவனம் குஜராத் சுத்திகரிப்பாலையில் தயாரித்த விமானப் பெற்றோலை அறிமுகம் செய்தது. ஈயம் உடல்நலத்துக்குக் கேடு என்பதால் அமெரிக்கா 2030ஆம் ஆண்டின் முடிவுக்குள் ஈயமற்ற விமானப் பெற்றோலுக்கு மாற எண்ணியுள்ளது. இந்த மாற்றமும் விலையைத் தொடாமற் போகாது.

விமானப் பெற்றோல் இத்துணை விலையாயின், வீதியோரக் கடையில் விற்கும் மோட்டார்ப் பெற்றோலை ஊற்றினால் என்ன என்ற ஆசை எழுவது இயல்பு. சில இயந்திரங்களுக்கு அது தகும். சிறிய இலகு விமானங்களில் காணப்படும் ரோட்டாக்ஸ் 912 வகை இயந்திரம் மோட்டார்ப் பெற்றோலிலும் ஓடத் தக்கதாகவே அமைக்கப்பட்டது. ஆயின் எல்லா இயந்திரங்களும் அவ்வாறல்ல. உயரச் செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகின்றது; எளிதில் ஆவியாகும் பெற்றோல் குழாயினுள்ளேயே குமிழியாகி இயந்திரத்துக்குச் செல்லும் வழியை அடைத்துவிடக்கூடும். இந்தியாவில் விற்கும் பெற்றோலில் இன்று ஐந்தில் ஒரு பங்குவரை எதனோல் கலக்கப்படுகின்றது. எதனோல் நீரை ஈர்க்கும்; அதற்கென அமையாத இறப்பர்ப் பகுதிகளை அரிக்கும். ஆதலின் இயந்திரத்துக்கும் விமானத்துக்கும் எழுத்துமூலம் அனுமதி உண்டா என்று பாராமல் கடைப் பெற்றோலை ஊற்றுவது சிக்கனம் ஆகாது. கார் வழியில் நின்றால் இறங்கித் தள்ளலாம். மஸ்கெலியா மலைகளின் மேல் இயந்திரம் நின்றால் இறங்க இடமேது?

எரிபொருளுக்கு அடுத்தபடியாக நிற்பது சேவைச் செலவு. ஒரு நிலையத்தில் இறங்கினால் இறங்குவதற்கு ஒரு கட்டணம், நிறுத்தி வைப்பதற்கு ஒரு கட்டணம், வழிகாட்டும் வானொலிச் சேவைகளுக்கு ஒரு கட்டணம் உண்டு. அயல்நாட்டிலிருந்து வந்தால் சுங்கமும் குடிவரவும் சேரும். தரைச்சேவை முகவரின் கூலி வேறு. அலுவலக நேரத்துக்கு அப்பால் ஆளை அழைத்தால் அதற்கும் தனிக் கூலி. இறங்கு கட்டணம் பெரும்பாலும் விமானத்தின் நிறையைக் கொண்டு கணக்கிடப்படுவதால் சிறு விமானத்துக்கு அது சிறிதாகவே இருக்கும். முகவரின் கூலியோ அவ்வாறு நிறை பார்த்துக் குறைவதில்லை. பெரிய ஜெட் விமானங்களை எண்ணி வகுத்த கூலியை நான்கு ஆசன விமானம் செலுத்த நேர்வதுண்டு. ‘சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்’ என்ற பழமொழி இதற்கு நன்கு பொருந்தும்.

எனவே மலிவு தேடும் விமானி முதலிற் செய்ய வேண்டியது, புறப்படுமுன் வாசிப்பது. 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கை இவ்விடயத்தில் சிறு விமானிக்கும் கவசமாக அமைந்தது. அதன் 15ஆம் உறுப்புரை, ஒரு நாட்டின் விமானங்களுக்குத் திறந்துள்ள பொது நிலையம் உடன்படிக்கை நாடுகளின் விமானங்களுக்கும் ஒத்த நிபந்தனைகளில் திறந்திருக்க வேண்டும் என்றும், கட்டணங்கள் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும் என்றும் விதிக்கின்றது. 24ஆம் உறுப்புரையின்படி, விமானத்தின் தாங்கியில் வந்து அதே விமானத்தில் வெளியேறும் எரிபொருளுக்குச் சுங்கத் தீர்வை அறவிடல் ஆகாது.

இவ்விதியின் பயனாக ஒவ்வொரு நாடும் வான்பயணத் தகவல் நூலொன்றை வெளியிட்டு வருகின்றது. அதன் பொதுப் பகுதியில் நிலையக் கட்டணங்கள் ஒரே அதிகாரத்தில் தொகுக்கப்பட்டிருக்கும். நிலையங்களைப் பற்றிய பகுதியில் ஒவ்வொரு நிலையத்துக்கும் திறந்திருக்கும் நேரம் எது, அங்கே கிடைப்பது எவ்வகை எரிபொருள், பழுதுபார்க்க வசதி உண்டா என்பன வரிசையாகக் காணப்படும். எல்லா நாடுகளும் ஒரே ஒழுங்கில் இதனை அமைப்பதால் ஒரு நாட்டின் நூலைப் படிக்கக் கற்றவன் மற்றைய நாடுகளின் நூலையும் எளிதிற் படிக்கலாம். அண்மையில் நேர்ந்த மாற்றங்கள், ‘இந்நிலையத்தில் எரிபொருள் இல்லை’ என்பது போன்ற அறிவித்தல்கள், விமானிகளுக்கான நாளாந்த அறிவித்தலில் வரும். ‘நோட்டாம்’ என்று வழங்கும் இவ்வறிவித்தலைப் பாராது புறப்படுபவன் கடை பூட்டியிருப்பதை வாசலுக்கு வந்த பின்னரே அறிபவனை ஒப்பான்.

நூலைப் படித்தபின் செய்ய வேண்டியது கேட்பது. நூலில் ‘விமானப் பெற்றோல் உண்டு’ என்றிருக்கலாம். ஆயின் அன்று பீப்பாய் வெறுமையாக இருக்கலாம், அல்லது அது ஒரு பயிற்சிப் பள்ளிக்கே உரியதாக இருக்கலாம். ஆகவே முன்னரே தொலைபேசியில் அழைத்து, எரிபொருள் இன்று கையிருப்பில் உண்டா, வெளியாருக்கு விற்பார்களா, லீற்றர் விலையில் வரி அடங்கியுள்ளதா, முழுப் பீப்பாயாகத்தான் கொள்ள வேண்டுமா, பணம் எவ்வகையிற் செலுத்துவது, முகவர் கட்டாயமா, கட்டாயமாயின் மொத்தக் கூலி எவ்வளவு என்பவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டறிதல் வேண்டும். கிடைத்த மறுமொழியை எழுத்திற் பெறுதல் அதனினும் நன்று. இந்தியாவில் விமான எரிபொருளின் மேல் விதிக்கும் விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், அண்டை மாநிலங்களின் இரு நிலையங்களுக்கிடையே விலை பெரிதும் மாறக் காணலாம். அமெரிக்காவில் ஒரே நிலையத்திலேயே இரண்டு விலை உண்டு: பௌசர் வண்டி விமானத்தை நாடி வந்து ஊற்றினால் ஒரு விலை, விமானி தானே குழாயருகில் சென்று நிரப்பிக்கொண்டால் அதனிலும் குறைந்த விலை.

மலிவான நிலையத்தைக் கண்டறிந்தவுடன் அதை நோக்கிப் பறந்துவிடலாமா? இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டியுள்ளது. நான்கு ஆசனங்கள் கொண்ட செஸ்னா 172 விமானமொன்று மணிக்கு 110 கடல்மைல் வேகத்திற் பறந்து 35 லீற்றர் செலவிடுவதாகக் கொள்வோம். மலிவான எரிபொருளை நாடி அது போக 40, வர 40 என 80 கடல்மைல் வழிவிலகினால் 44 நிமிடம் கழியும்; ஏறக்குறைய 25 லீற்றர் எரியும். அங்கே அது 120 லீற்றர் வாங்குமாயின், விலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தாலன்றி அப்பயணத்தால் ஒரு சதமேனும் மிச்சமில்லை. அன்றியும் இத்தகைய இயந்திரங்களை 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுமையாகப் பிரித்துப் புதுப்பிக்குமாறு செய்வோர் விதிக்கின்றனர். பறக்கும் ஒவ்வொரு நிமிடமும் அப்பெருஞ் செலவை அருகில் இழுத்து வருகின்றது. இறங்கு கட்டணத்தையும் இதனோடு கூட்டினால் மலிவு என்று தோன்றியது பல வேளைகளில் மலிவன்று என்பது புலப்படும்.

மலிவான இடத்தில் தாங்கி நிறைய ஏற்றிக்கொண்டு, விலை கூடிய இடத்தில் வாங்காமற் செல்வது மற்றொரு வழி. பெரிய கம்பனிகளும் இதனைக் கையாள்கின்றன. ஆயின் விமானப் பெற்றோல் லீற்றர் ஒன்று ஏறக்குறைய 0.72 கிலோகிராம் நிறை உடையது. மேலதிகமான 100 லீற்றர் என்பது 72 கிலோகிராம். வளர்ந்த மனிதர் ஒருவரை ஏற்றுவதற்கு ஒப்பானது. நிறை கூடினால் ஓடுபாதை நீளமாக வேண்டும். மேலேறும் வேகம் குறையும். தாழ்ந்த கடற்கரையில் இது பெரிய குறையாகத் தோன்றாது. பேதுருதாலகாலை 2,524 மீற்றரும் சிவனொளிபாதமலை 2,243 மீற்றரும் ஓங்கி நிற்கும் மலைநாட்டை நோக்கிச் செல்லும்போது குறை வெளிப்படும்.

நோட்டன் பிரிட்ஜ் வட்டாரம் தென்மேற்குப் பருவக்காற்றை நேர்முகமாக ஏற்கும் மலைச்சரிவு. காலையில் தெளிந்திருக்கும் வானம் நண்பகலில் முகிலால் மூடுவதும், கண்முன் நின்ற மலை கணப்பொழுதில் மறைவதும் இங்கே வாழ்வோர் நாள்தோறும் காணும் காட்சி. இத்தகைய ஈரக்காற்றில், வெளியே 20 பாகை வெப்பம் இருக்கும்போதுங்கூட, சிறு விமானங்களின் கலப்பிக் குழாயினுள்ளே பனி படிந்து இயந்திரம் வலுவிழக்கக்கூடும். அருகிலுள்ள காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நீர்விமானங்கள் இறங்கியதுண்டு. ஆயின் தரையில் இறங்கும் விமானத்துக்கு இம்மலைகளில் ஓடுபாதை இல்லை. மலையைத் தாண்டிச் செல்ல எண்ணி வந்தவன் முகிலைக் கண்டு திரும்ப நேரும். அல்லது சுற்றுவழியாகக் கடற்கரையை அடைய நேரும். அப்போது அவனைக் காப்பது தாங்கியில் எஞ்சியிருக்கும் எரிபொருளே.

பகலிற் பார்வைவிதிப்படி பறப்பவன் சேருமிடத்தை அடைந்த பின்னும் 30 நிமிடம் பறக்கத் தக்க எரிபொருளையும், இரவிலாயின் 45 நிமிடத்துக்குரியதையும் வைத்திருத்தல் வேண்டும் என்பது சர்வதேச விதி. இது குறைந்த அளவு. இதனை முழு அளவாகக் கொள்வது அறிவுடைமையன்று. அடுத்த நிலையத்தில் லீற்றருக்குச் சில ரூபா குறைவு என்பதற்காக, அருகிலிருக்கும் நிலையத்தைக் கடந்து இந்த 30 நிமிடத்திற் கைவைப்பவன் பணத்தை மிச்சம் பிடிப்பதாக எண்ணித் தன் உயிரைச் செலவிடுகின்றான்.

எரிபொருள் கிடைத்தபின்னும் கவனம் ஓய்தல் கூடாது. மலிவான சிறு நிலையங்களிற் பெரும்பாலும் பீப்பாயிலிருந்தே ஊற்றுவர். நிமிர்த்தி வைத்த பீப்பாயின் மேல்மூடியில் மழைநீர் தேங்கி உள்ளே கசியும் என்பதால், படுக்க வைத்த பீப்பாயே நம்பத்தக்கது. ஊற்றும்போது வடித்து ஊற்ற வேண்டும். மின்பொறி தெறியாதிருக்க விமானத்தையும் குழாயையும் கம்பியால் இணைக்க வேண்டும். ஊற்றி முடித்துச் சற்று நேரம் சென்றபின் தாங்கியின் அடியிலிருந்து சிறிது எண்ணெயைக் கண்ணாடிக் குவளையில் வடித்து வெளிச்சத்திற் பார்க்க வேண்டும். நீர் இருந்தால் அடியில் தனியே தங்கும். நீலநிறம் காணாவிட்டால் ஐயுற வேண்டும். பெற்றோலுக்குரிய விமானத்தில் ஜெட் எரிபொருள் கலந்தால், இயந்திரம் நிலத்தில் ஓடியிருந்தும் வானத்தில் ஏறிய சற்று நேரத்தில் நின்றுவிடக்கூடும். இரண்டு நிமிடம் எடுக்கும் இச்சோதனைக்குக் கட்டணம் எதுவும் இல்லை.

விலை என்பது பொருள் இருக்கும்போது பேசும் பேச்சு. 2022ஆம் ஆண்டில் இலங்கையை வாட்டிய பொருளாதார நெருக்கடியின்போது நாட்டில் எரிபொருளே அரிதாயிற்று. கொழும்புக்கு வந்து செல்லும் பெரிய விமானங்கள் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றன. 1974இல் எரிபொருளுக்காகக் கொழும்பை நாடி விமானம் வந்தது. 48 ஆண்டுகளின் பின் கொழும்பிலிருந்து எழுந்த விமானங்கள் எரிபொருளுக்காக அக்கரையை நாடின. மலிவான இடத்தை அறிந்திருப்பது நன்று. அது இல்லாதபோது போகத்தக்க இரண்டாவது இடத்தையும் அறிந்திருப்பது அதனினும் நன்று.

இவ்வளவையும் தனியொரு விமானியின் சாமர்த்தியத்துக்கே விட்டுவிடுதல் முறையாகாது. இரத்மலானை, கட்டுநாயக்கா, மத்தளை, பலாலி, மட்டக்களப்பு என இச்சிறு தீவிலேயே பல நிலையங்கள் உள்ளன. மத்தளையில் 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 3,500 மீற்றர் ஓடுபாதை பேருடல் விமானங்களையும் தாங்க வல்லது. ஆயின் சிறு விமானத்துக்கு வேண்டியது நீண்ட ஓடுபாதையன்று. ஒரு பீப்பாய்ப் பெற்றோலும், நியாயமான கூலியும், மறுமொழி சொல்ல ஒரு மனிதருமே. பறத்தற் கழகங்களும் பயிற்சிப் பள்ளிகளும் ஒன்றுகூடி எரிபொருளைத் தொகையாகத் தருவித்தால் கப்பற்கூலி பலருக்குப் பங்காகும். விமானியே நிரப்பிக்கொள்ளும் குழாய்கள் அமைந்தால் கூலி குறையும். முகவரின் கூலியும் விமானத்தின் நிறைக்கேற்ப வகுக்கப்பட்டுப் பகிரங்கமாக வெளியிடப்பட்டால், சுண்டைக்காயை விடச் சுமைகூலி மிகாது.

இவை நிறைவேறுமாயின் பயன் பெறுவோர் சொந்த விமானம் வைத்திருக்கும் சிலர் மட்டுமல்லர். நோட்டன் பிரிட்ஜ் பாடசாலை முற்றத்தில் நின்று மலைக்கு மேலே செல்லும் விமானத்தை அண்ணாந்து பார்க்கும் பிள்ளைக்கும் அந்த வானத்துக்குச் செல்லும் படி ஒன்று தாழ்ந்து கொடுக்கும். அவன் ஒரு நாள் சிறு விமானத்தில் ஏறிப் பறக்கக் கற்கும்போது, லீற்றரின் விலையைத் தேடியறிவதோடு, அந்த விலைக்காக எதனை விட்டுக்கொடுத்தல் ஆகாது என்பதையும் கற்றுக்கொள்வான். அவன் ஊரில் நிற்கும் அந்தச் சக்கரம் அதற்கு முதற் பாடமாகும்.